கங்கைக்கு 14 அடி ராஃப்ட்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிக் கட்டுவது?

மணல்திட்டு:
வணக்கம். எட்டுப் பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு ராஃப்ட் (காற்றடைத்த ஆற்றுப் படகு) வாங்கப் போகிறோம். ஓட்டப் போவது ரிஷிகேஷுக்கு மேலே கங்கையில், மரைன் டிரைவ் என்ற இடத்தில் இறங்கி ஷிவ்புரி வழியாக நகரம் வரை. மழை முடிந்த அக்டோபர், நவம்பர். பிறகு மார்ச், ஏப்ரல். எங்களில் இரண்டு பேர் கைடு பயிற்சி முடித்தவர்கள். அனுமதி வேலை தனியாக நடக்கிறது, அதை இங்கே கேட்கவில்லை.

கையில் இரண்டு வாய்ப்பு. ஒன்று 14 அடி, குழாயில் நான்கு காற்று அறை, பழைய ஹைபலான் (செயற்கை ரப்பர் பூசிய துணி), வயது பத்துக்கு மேல். இன்னொன்று அதே அளவில் புதிய பி.வி.சி. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை எடுப்பது? எடுத்த பிறகு காற்று, கயிறு, பெல்ட் எல்லாவற்றையும் எப்படி அமைப்பது?

துடுப்புவால்:
துணியைப் பற்றிப் பேசும் முன் தலைகளை எண்ணுங்கள். 14 அடி ராஃப்டில் பக்கத்துக்கு மூன்று பேர், பின்னால் ஒரு கைடு, ஆக ஏழு. அதுதான் அந்த அளவுக்குப் பொருத்தம். எட்டாவது ஆளை உள்ளே திணிக்க வேண்டாம். உங்களிடம் இரண்டு கைடுகள் இருக்கிறார்கள், ஒருவர் பாதுகாப்புக் கயாக்கில் (ஒருவர் ஓட்டும் சிறு படகு) வரட்டும். ஒற்றை ராஃப்டாகப் போகும் குழுவுக்கு, தண்ணீரில் விழுந்து தொலைவாகப் போய்விட்டவரை எட்டிப் பிடிக்கக் கயாக்தான் நம்பகமான வழி. கணக்கும் சரியாக எட்டில் முடிகிறது.

16 அடி எடுத்தால் எட்டுத் துடுப்பும் ஒரு கைடும் வேண்டும். ஆள் குறைந்த நாளில் அது கனத்து நிற்கும், திருப்ப நேரமெடுக்கும். 12 அடி வேகமாகத் திரும்பும். ஆனால் கோல்ஃப் கோர்ஸ், ரோலர் கோஸ்டர் என்று பெயர் வைத்த ரேபிடுகள் (ஆறு வேகமெடுத்துப் பாயும் இடங்கள்) மாதிரிப் பெரிய அலை வரிசையில் அதற்கு நீளம் போதாது; அலை முகட்டில் ஏறி முடிப்பதற்குள் மூக்கு பின்னால் சாயும். மரைன் டிரைவுக்கு மேலே பியாசி பக்கம் இருக்கும் ‘தி வால்’ (The Wall) என்ற ரேபிட் வரை போகும் எண்ணம் என்றாவது வந்தால் 14 அடிக்குக் கீழே யோசிக்கவே வேண்டாம்.

நீளத்தோடு இன்னும் மூன்று அளவு கேளுங்கள். குழாயின் விட்டம் 20 முதல் 22 அங்குலம். மொத்த அகலம் ஆறரை அடிக்குக் குறையாமல். மூக்கும் வாலும் தரையிலிருந்து எவ்வளவு தூக்கியிருக்கின்றன என்பது மூன்றாவது. தூக்கல் அதிகமென்றால் அலையில் ஏறும், சுழற்றவும் லேசு. ஆனால் தண்ணீரில் படியும் நீளம் குறைவதால் நேர்கோட்டில் வைத்திருக்கக் கைடு அதிகம் உழைக்க வேண்டும். நடு அளவே போதும்.

களனிக்கரை:
துடுப்புவால் சொன்னது கங்கைக்குச் சரி. ஆனா இதை வாசிக்கிற எல்லாரும் 14 அடிதான் நல்லது எண்டு நினைச்சுப் போடக் கூடாது. இலங்கையில கித்துல்கலப் பக்கம் களனி கங்கையில ஆறு ஒடுக்கம், கல்லுக் கூட. மேலே மின்நிலையங்கள் விடுற தண்ணியைப் பொறுத்துத்தான் ஆறே ஓடும். தண்ணி குறைஞ்ச நேரம் 14 அடிப் படகு இரண்டு கல்லுக்கு நடுவில குறுக்க விழுந்து நிண்டிடும். அங்க நாலு துடுப்பும் ஒரு கைடும் ஏறுற 12, 13 அடிதான் வசதி. கர்நாடகாவில தண்டேலிப் பக்கம் காளி ஆறும் அணைத் தண்ணியை நம்பினதுதான். முதல்ல ஆற்றின்ர அகலத்தையும் தண்ணியையும் பாருங்கோ, பிறகு படகு.

பசைக்கை:
துணிக்கு வருகிறேன். ஹைபலான் என்பது டூபான்ட் நிறுவனத்தின் வணிகப் பெயர். அவர்கள் அதன் உற்பத்தியை 2010-இல் நிறுத்திவிட்டார்கள். இன்று ஹைபலான் என்று சொல்லி விற்பது வேறு ஆலைகள் செய்யும் அதே வகை செயற்கை ரப்பர், சி.எஸ்.எம். என்பார்கள். விற்பவர் ‘ஒரிஜினல் ஹைபலான்’ என்று அழுத்திச் சொன்னால், ஒன்று படகு ரொம்பப் பழையது, இல்லை அவருக்கு விவரம் தெரியவில்லை.

ஹைபலான் மென்மையானது. இறுக்கிச் சுருட்டலாம், குளிரிலும் விறைக்காது, வெயிலை நன்றாகத் தாங்கும். கல்லில் உரசும்போது லேசாகப் பிடிக்கும். இணைப்புகள் எல்லாம் பசையால் ஒட்டியவை. அதனால் படகின் வயதை நிர்ணயிப்பது துணியைவிடப் பசைதான்.

பி.வி.சி. விறைப்பானது. கல் மேல் வழுக்கிப் போகும், அதே காற்றழுத்தத்தில் படகு குறைவாக வளையும். நல்ல பி.வி.சி. படகில் இணைப்பைச் சூட்டால் உருக்கிச் சேர்த்திருப்பார்கள். அது ஒட்டுப் போல உரிந்து வராது. மோசமான பக்கம், மடித்த கோட்டிலேயே மீண்டும் மீண்டும் மடித்தால் அந்தக் கோட்டில் மேற்பூச்சு வெடிக்கும். கடும் குளிரில் சுருட்டினால் இன்னும் சீக்கிரம். டிரெய்லரிலோ கொட்டகையிலோ காற்றோடேயே வைக்க முடிந்தால் பி.வி.சி. எடுங்கள். ஒவ்வொரு தடவையும் சுருட்டி ஜீப் மேலே கட்டிக் கொண்டு போகப் போகிறீர்கள் என்றால் ஹைபலான்தான்.

எதுவானாலும் துணியை நெய்த நூலின் தடிமன் எண்ணைக் கேளுங்கள். டெனியர் என்று சொல்வார்கள். 1100 என்றால் வெள்ளை நீருக்கு (நுரைத்துப் பாயும் ஆற்றுக்கு) மெல்லியது, குழாய்க்கு 1670 நல்லது, அடிப்பக்கத்துக்கு அதைவிடக் கூடினாலும் நல்லதே. ஏரியில் மிதக்கவிடும் பொழுதுபோக்குப் படகையும் ராஃப்ட் என்ற பெயரில் விற்கிறார்கள். டெனியர் எண் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

மணல்திட்டு:
சுருட்டித்தான் கொண்டு போக வேண்டும், கொட்டகை கிடையாது. அப்படியானால் பழைய ஹைபலான் பக்கம் சாய்கிறோம். தரை தானே நீர் வடிக்கும் வகைதான். தரைக்கும் குழாய்க்கும் இடையே கயிறு கோத்திருக்கிறது. காற்று எவ்வளவு, எந்த வரிசையில்?

ஆலம்விழுது:
பிரதான குழாய்க்கு 2.5 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு), படகின் நடுவே குறுக்காகப் பொருத்தும் குறுக்குக் குழாய்களுக்கு 2 முதல் 2.5. தரை, உள்ளே நீளவாக்கில் தடுப்பு வைத்த வகையென்றால் அதுவும் 2.5க்குள். அந்தத் தரையில் அழுத்தம் கூடினால் தானே திறக்கும் வால்வு இருக்கும்; வெயிலில் அது சீறினால் பயப்பட வேண்டாம், அதன் வேலையே அது. மேலும் கீழும் தட்டையாக, நடுவே ஆயிரக்கணக்கான நூல் கோத்த வகைத் தரைக்கு அழுத்தம் அதிகம் தேவை, தயாரித்தவர் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சொல்வது போதாது, அளவுமானி ஒன்று வாங்கிவிடுங்கள்.

வரிசை முக்கியம். அறைகளுக்கு நடுவே இருக்கும் திரை மெல்லிய துணி. ஒரு அறையை முழுக்க நிரப்பிப் பக்கத்து அறையைக் காலியாக விட்டால் மொத்த அழுத்தமும் அந்தத் திரையின் ஒட்டில் விழும். ஆகவே முதல் சுற்றில் நான்கு அறைக்கும் வடிவம் வரும் வரை மட்டும். அந்த நிலையில் குறுக்குக் குழாய்களைப் பொருத்தி அவற்றுக்கும் பாதிக் காற்று. குழாய் இறுகிய பிறகு குறுக்குக் குழாயை நுழைக்கப் பார்த்தால் பெல்ட் எட்டாது. இரண்டாவது சுற்றில் நான்கையும் ஒன்றன் பின் ஒன்றாக 1.5க்கு. மூன்றாவது சுற்றில் 2.5. பிறகு குறுக்குக் குழாய், கடைசியில் தரை. இறக்கும்போதும் அப்படியே, எல்லா அறையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஒரே வால்வைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போவது திரையைக் கிழிக்கும் வழி.

மின் ஊதுவான் வடிவம் வரைக்கும்தான் உதவும். மீதியைக் கைப் பம்பால் ஏற்றுங்கள்.

இனி வெயில். காலை 20 டிகிரியில் 2.5 வைத்த படகை மணலில் போட்டு வைத்து, உள்ளே காற்று 45 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் 4 பி.எஸ்.ஐ.க்கு அருகே போகும். அடர் நிறப் படகில் இது சீக்கிரம் நடக்கும். எதிர்ப்பக்கம் இன்னும் மோசம்: மதியம் 40 டிகிரியில் 2.5 வைத்து, பனி உருகி வரும் 14 டிகிரித் தண்ணீரில் இறக்கினால் ஏறக்குறைய 1.1க்கு இறங்கிவிடும். கரையில் பாறை மாதிரி இருந்த படகு முதல் ரேபிடில் நடுவே மடியும். அதனால் தண்ணீரில் இறக்கி, மேலே தண்ணீர் ஊற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் விட்டு, மறுபடி அளந்து ஏற்றுங்கள். மதிய உணவுக்குக் கரையேற்றும்போது ஒவ்வொரு அறையிலும் ஒரு சீறல் விட்டுவிடுங்கள்.

நீர்ச்சுழி:
வால்வைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போதைய படகுகளில் பெரும்பாலும் லீஃபீல்டு சி7 வகை. நடுவில் உள்ள குமிழை அழுத்தித் திருப்பினால் திறந்தே நிற்கும், மறுபடி அழுத்தித் திருப்பினால் மூடும். காற்று ஏற்றும்போது மூடிய நிலையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பம்பை எடுத்த நொடியில் எல்லாம் வெளியே வந்துவிடும். மெதுவாகக் கசிந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு அது ஒரு மணல் துகள்தான். குமிழைத் திறந்து வேகமாகக் காற்றை வெளியே விட்டால் துகளும் போய்விடும். அப்படியும் நிற்காவிட்டால் வால்வு உடம்பு தளர்ந்திருக்கும். அதற்கென்று ஒரு பல் வைத்த சாவி உண்டு, அதைப் பையில் வையுங்கள்.

துடுப்புவால்:
கயிறு. இந்த உரையாடலில் கவனமாகப் படிக்க வேண்டியது இதுதான் என்பேன். பஞ்சரான படகு மிதந்துகொண்டே கரை சேரும். தொங்கும் கயிற்றில் மாட்டிய கால் சேராது.

சுற்றுக் கயிறு: படகைச் சுற்றி வெளிப்புற டி வளையங்கள் வழியாக ஓடும் கயிறு. 10 முதல் 12 மில்லிமீட்டர். இறுக்கம் எவ்வளவு? கை விரல்கள் நுழைந்து பிடிக்க வேண்டும், முழங்கை நுழையக் கூடாது. நைலான் நனைந்தால் நீளும். உலர்ந்த நிலையில் இறுக்கிக் கட்டியது ஆற்றில் தொளதொளக்கும். பாலியஸ்டர் வாங்குங்கள், அல்லது நனைத்துவிட்டுக் கட்டுங்கள். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சுற்றுப் போடுங்கள். ஓரிடத்தில் அறுந்தால் மொத்தமும் தளராது.

முன் கயிறு: மூக்கு வளையத்தில், படகின் நீளத்தில் பாதியிலிருந்து முழு நீளம் வரை. அது சுருளாகத் தரையில் கிடக்கக் கூடாது. சிறு பையில் திணித்து, ஒரே இழுப்பில் வெளிவரும்படி பெல்ட்டால் கட்டுங்கள்.

கவிழ்ந்த படகை நிமிர்த்தும் பட்டை: ஒரு அங்குலக் குழல் பட்டை, மூன்று மீட்டருக்குச் சற்று மேல், நுனியில் காரபினர் (வாய் திறந்து மூடும் உலோகக் கொக்கி). கைடு இடுப்பில் சுற்றிக் காரபினரால் மூடுவது. முடிச்சுப் போட்டுக் கட்டக் கூடாது. ஓரிடத்தில் சிக்கினால் ஒரே கையால் கழற்ற முடிய வேண்டும்.

படகில் எங்குமே பூட்டில்லாத காரபினர் மாட்டாதீர்கள். அதன் வாய், உரசிப் போகும் கயிற்றையும் லைஃப் ஜாக்கெட் பட்டையையும் தானே கவ்விக்கொள்ளும். பெல்ட்டுகளின் மிச்ச வாலை மடித்து உள்ளே செருகுங்கள். விழுந்தவரை நோக்கி எறிவதற்கான எறிகயிற்றுப் பை இரண்டு, ஒவ்வொன்றிலும் மிதக்கும் கயிறு 20 மீட்டர், ஒன்று கைடின் கை எட்டும் இடத்தில். எறிபவர் பிடிக்கும் முனையில் கை நுழையும் வளையம் இருந்தால் பிரித்துவிடுங்கள்.

ஆலம்விழுது:
சுற்றுக் கயிறு பற்றி எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. இரண்டு பக்கமும் வேண்டும்தான், ஆனால் மூக்குக்கு முன்னால் குறுக்கே ஓட விட வேண்டாம். கல்லில் முட்டும்போது முதலில் அரைபடுவது அந்த இடம். மேலும், விழுந்தவர் மூக்குக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினால் படகுக்கும் கல்லுக்கும் நடுவில் இருப்பார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தனிக் கயிறு போடுங்கள்.

துடுப்புவால்:
ஒப்புக்கொள்கிறேன். உங்கள் முறையே மேல். இரண்டு தனிக் கயிறு.

மணல்திட்டு:
கால் செருகும் பைகள் தரையில் ஒட்டியிருக்கின்றன, முன்வரிசைக்கு மட்டும். எல்லோருக்கும் ஒட்டலாமா? துடுப்பு நீளம்?

நீர்ச்சுழி:
முன்வரிசைக்கும் கைடுக்கும் போதும். நடுவில் இருப்பவர்கள் குறுக்குக் குழாயின் அடியில் பாதத்தைச் செருகலாம். கால் பை விரல் பக்கத்தைப் பிடிக்க வேண்டும், கணுக்கால் வரை விழுங்கக் கூடாது. குழுவில் பெரிய ஷூ அணிபவரைச் செருகவைத்து, அவர் குதிகாலைத் தூக்கிப் பின்னால் விழுந்தால் கால் தானே வெளிவருகிறதா என்று கரையிலேயே பாருங்கள்.

துடுப்பு: குழுவுக்கு 57 முதல் 60 அங்குலம், கைடுக்கு 60 முதல் 66. கூடுதலாக ஒன்று கட்டி வையுங்கள். மேல்கை எப்போதும் ‘டி’ பிடியை மூடியிருக்க வேண்டும். அலையில் கைவிட்ட பிடி பக்கத்திலிருப்பவர் பல்லைத்தான் தேடிப் போகும். உட்காரும் முறையில், ஒரே தாளத்தில் போடக்கூடிய இருவர் முன்னால். எடை இடது வலம் சமமாக, மூக்கு கொஞ்சம் கனமாக இருந்தால் அலையைக் குத்தித் தாண்டும்.

பசைக்கை:
பழுது பார்க்கும் பெட்டி. படகின் துணியிலேயே வெட்டிய ஒட்டுத்துண்டுகள், இரண்டு பாகப் பசை, அதற்குரிய கரைப்பான், 80 எண் உப்புத்தாள், சிறு உருளை, தூரிகை, வளைந்த ஊசி, தடித்த நூல். ஹைபலான் பசையும் பி.வி.சி. பசையும் வேறு வேறு, மாற்றிப் போட்டால் உரிந்து வந்துவிடும். ஆற்றோரத்தில் அவசரத்துக்கு டேர்-எய்டு ஒட்டுநாடா நல்லது. ஹைபலானுக்கு ஏ வகை, பி.வி.சி.க்கு பி வகை.

முறை இது. கிழிசல் இரண்டு அங்குலத்துக்கு மேலென்றால் முதலில் தையல். ஒட்டுத்துண்டு கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் வர வேண்டும், மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர் மூலை உரியத் தொடங்கும் இடம். இரண்டு பக்கமும் பளபளப்புப் போகும் வரை தேய்த்து, கரைப்பானால் துடைத்து, பசையை மெல்லிசாக இரண்டு தடவை, நடுவே உலரவிட்டுப் பூசுங்கள். விரல் முட்டியின் பின்புறத்தால் தொட்டால் பிடிக்க வேண்டும், இழையாக வரக் கூடாது. நடுவிலிருந்து வெளிப்புறமாக உருளையால் அழுத்துங்கள். 24 மணி நேரம் முழுக் காற்று வேண்டாம்.

களனிக்கரை:
ஈரப்பதனைச் சொல்லாம விட்டிட்டீங்கள். காத்தில ஈரம் கூடின நாளில பசை காயும்போது அதுக்கு மேல கண்ணுக்குத் தெரியாத தண்ணிப் படலம் பிடிக்கும். ஒட்டு வடிவா ஒட்டின மாதிரி இருக்கும், ரெண்டு கிழமையில கழண்டிடும். மழை நாளில வெளியில ஒட்டாதீங்கோ. குளிரூட்டின அறை கிடைச்சா அதுக்குள்ள செய்யுங்கோ.

பசைக்கை:
சரியாகச் சொன்னீர்கள், கேரளம், கோவா, இலங்கை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

ரிஷிகேஷுக்கே உரிய எதிரி ஒன்று உண்டு. ஷிவ்புரிக் கரை மணலை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள், வெள்ளிப் பொடி போல மின்னும். அது அப்பிரகம் (மைக்கா). அந்த மணல் தரைக்கும் குழாய்க்கும் நடுவே, கயிறு கோத்த இடுக்கில் போய் உட்காரும். ஒவ்வொரு அலைக்கும் தரை அசையும், நடுவில் மணல் உப்புத்தாள் வேலை செய்யும். வெளியே கீறலே இல்லாத படகின் குழாய், உள் இடுக்கில் துணி நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். பயணம் முடிந்ததும் படகைப் பக்கவாட்டில் நிறுத்தி, தரையில் பாதிக் காற்றை இறக்கி, இடுக்கில் தண்ணீர் பாய்ச்சுங்கள். பழைய படகு வாங்கும்போதும் முதலில் பார்க்க வேண்டியது அந்த இடுக்குதான்.

ஆலம்விழுது:
அந்தப் பழைய ஹைபலானுக்கு முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள். முழுக் காற்று ஏற்றி ஒரு இரவு நிழலில் விடுங்கள். காலையில் நான்கு அறையும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது குளிர்ச்சி. ஒன்று மட்டும் இறங்கினால் கசிவு. சோப்புத் தண்ணீரை எல்லா இணைப்பிலும், வால்விலும், டி வளையங்களின் அடியிலும் பூசுங்கள். ஓரிடத்தில் மட்டும் குமிழி என்றால் ஒட்டிவிடலாம். துணி முழுக்கப் பரவலாகச் சிறு நுரை வந்தால் உள்பூச்சு செத்துவிட்டது, விட்டுவிட்டு வாருங்கள். உள்ளங்கையால் தேய்த்தால் வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுவது வெயில் தின்றது. மேலோட்டமாக இருந்தால் பரவாயில்லை.

திரைச் சோதனையை யாரும் செய்வதில்லை, கட்டாயம் செய்யுங்கள். 1, 3 அறைகளில் மட்டும் 1 பி.எஸ்.ஐ. வரை காற்று. அதற்கு மேல் வேண்டாம். 2, 4 அறைகளின் வால்வைத் திறந்து வைத்து, வாயில் சோப்புப் படலம் தடவுங்கள். படலம் அப்படியே நிற்க வேண்டும்.

மணல்திட்டு:
செய்தோம். வெளியே எங்கும் கசிவு இல்லை, இடுக்கும் சுத்தம். ஆனால் 2ஆவது அறையின் வால்வில் படலம் மெதுவாக உப்பி உடைகிறது, மறுபடி தடவினால் மறுபடி. 4 அசையவில்லை. விற்பவர், ‘இரவு முழுக்கக் காற்று நின்றதே, அப்புறம் என்ன’ என்கிறார். விலையையும் குறைக்கிறார்.

ஆலம்விழுது:
இரவு நிற்கும், ஏனென்றால் இரண்டு பக்கமும் சம அழுத்தம். கல் ஒரு அறையைக் கிழித்தால்தான் தெரியும்: பக்கத்து அறையும் சேர்ந்து இறங்கும், அதாவது படகில் பாதி. முதலில் 1-ஐ மட்டும் நிரப்பிப் பாருங்கள், பிறகு 3-ஐ மட்டும். எந்தப் பக்கத்துத் திரை என்று தெரிந்துவிடும். அதைச் சரிசெய்ய வால்வுத் துளை வழியாகக் கை போகாது. குழாயை வெட்டித் திறந்து, திரையை ஒட்டி, வெட்டை உள்ளும் வெளியும் மூட வேண்டும். அது பட்டறை வேலை, பத்து வயதுத் துணியில் புது வெட்டு. குறைத்த விலைக்கும் வேண்டாம்.

மணல்திட்டு:
விட்டுவிட்டோம். புதிய பி.வி.சி.யை எடுத்தால் சுருட்டாமல் வைக்க ஒரு இடம் தேட வேண்டும். ஷிவ்புரியிலேயே நிழலான கொட்டகை ஏதாவது வாடகைக்குக் கிடைக்குமா என்று பார்க்கிறோம்.

பசைக்கை:
கிடைத்தால் தரையில் போடாதீர்கள், எலி கடிக்கும். உத்தரத்தில் இரண்டு அகலப் பட்டை கட்டித் தொங்கவிடுங்கள், அரை பி.எஸ்.ஐ. காற்றோடு.